தீர்மானத்துக்கும் பருவம் உண்டு

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

நெல்லுக்குப் பருவம் உண்டு. கரும்புக்குப் பருவம் உண்டு. விதைப்பதற்கும், களையெடுப்பதற்கும், மேலுரம் இடுவதற்கும் பருவம் உண்டு என்பதை நம் குடியானவர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒரு குடியானவர் ‘வரும் பட்டத்தில் இன்னது செய்வேன்’ என்று தீர்மானித்து அதற்கென்று பணத்தை ஒதுக்குவதற்கும் ஒரு பருவம் உண்டு. அப்பருவம் தவறிய பிறகு எத்துணை நல்ல யோசனையும் முளைக்காத விதையாகவே போய்விடுகிறது. இவ்வுண்மையை விவசாய இலாகாவைச் சேர்ந்த நாங்களும், நிலச்சுவான்தார்களும், கிராம அதிகாரிகளும் போதிய அளவு கவனித்ததில்லை என்பது என் அபிப்பிராயம். இதற்கு ஆதாரமான என் அனுபவத்தையும், பொருளாதார சாஸ்திரத்தையும் மனோதத்துவத்தையும் சேர்த்து ஆராயும் அறிஞர்கள் செய்து பார்த்த சில பரிசோதனைகளையும் நேயர்கள் முன் வைக்கிறேன்.

எழுதப்பட்ட தவறான அறிக்கை

நான் டிப்ளமா பெற்று இவ்வேலையில் சேர்ந்து இருபது வருஷங்களுக்கு மேலாகின்றன. சேர்ந்த புதிதில், ஆற்றுப் பாசனமுள்ள ஒரு கிராமத்தில், ஒரே வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, இரு பாதியிலும் சம்பா நடவு செய்து காட்டினேன். பசுந்தாள் உரமிட்ட பாதிக்கும் மற்றப் பாதிக்கும் இருந்த வேற்றுமையை வரப்பில் நின்றே காணலாம். அறுவடை நாளில் ஊரார் திரண்டு வந்தனர். கதிரைக் கையில் பிடித்து மணிகளை எண்ணினர். “அடுத்த வருஷம் நாங்களும் விதைப்போம்” என்று ஒருவர் தவறாமல் சொல்லிச் சென்றனர். மறு வருஷம் தக்கைப்பூண்டு விதைத்தவர்களோ விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. நான் மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில், ‘குடியானவர்களின் அறியாமையும் அசிரத்தையுமே இதற்குக் காரணம்’ என்று எழுதி அனுப்பினேன்.

சில நாட்கள் கழித்து, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைக் குறைகூறிப் பேசினேன். அவர் கோபங்கொள்ளவில்லை. “தம்பி, நீங்கள் சொன்னதைப் பொய் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் விதை வாங்குங்கள் என்று நீங்கள் வந்தது ஆனி மாதம். மாசியில் நெல் விற்ற பணம் ஆனியில் எங்கே இருக்கிறது? வட்டியும் பிள்ளைகள் படிப்புச் செலவும் போக, வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு ஜதை தோடு. அதை அடகு வைத்துத் தழை விதை வாங்குவேனா, நெல் விதை வாங்குவேனா? மாசியில் களத்துமேட்டில் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்” என்றார். அவர் சொன்னதன் முழுப் பொருளையும் உணர்ந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் சென்றன.

இரண்டு பழைய அபிப்பிராயங்கள்

குடியானவரின் தீர்மானத்தைப் பற்றி இதுகாறும் இரண்டு அபிப்பிராயங்கள் வழங்கி வந்திருக்கின்றன. ஒன்று, எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர்களுடையது: குடியானவருக்கு நன்மை தெரிவதில்லை; தெரிவித்துவிட்டால் செய்துவிடுவார் என்பது. மற்றொன்று பொருளாதார சாஸ்திரிகளுடையது: அவர் தம் லாப நஷ்டத்தை நன்றாகக் கணக்கிட்டே நடக்கிறார், ஆதலின் ஒன்றைச் செய்யாவிட்டால் அதில் லாபம் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்பது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் 1964-இல் வெளியிட்ட நூலில், பழைய முறையில் பயிரிடும் ஏழைக் குடியானவர்கள் தங்களிடமுள்ள சாதனங்களைத் திறமையாகவே உபயோகிக்கின்றனர் என்று வாதித்தார். குடியானவரை மூடர் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்நூல் தக்க மறுப்பாயிற்று. 1979-இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது.

எனினும், ‘உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்ற பழமொழியை வழங்கும் நாம், கணக்கு ஒன்றே மனிதரை நடத்துவதில்லை என்பதை அறிவோம். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு மனோதத்துவ அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில், சம அளவான லாபம் தரும் இன்பத்தைவிட அதே அளவு நஷ்டம் தரும் துன்பமே மனிதர் மனத்தில் பெரிதாகத் தோன்றுகிறது என்று விளக்கினர். நூறு ரூபாய் வரும் என்ற ஆசையைவிட நூறு ரூபாய் போய்விடும் என்ற அச்சம் வலியது. கானமனுக்கு 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. ட்வெர்ஸ்கி 1996-இலேயே காலமாகிவிட்டார்.

இவ்வச்சம் ஏழைக்கு மட்டும் உரியது என்று நிலச்சுவான்தார்கள் எண்ணுதல் கூடாது. ஹைதராபாத்துக்கு அருகில் பட்டன்செருவில் உள்ள சர்வதேச வறள் பயிர் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்து ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்பவர் செய்து 1980-இல் வெளியிட்ட பரிசோதனை இங்கே கவனிக்கற்பாலது. கிராமத்தாரிடம் மெய்யான பணத்தைக் காட்டி, நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பந்தயம் வைத்தார். தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் 50 ரூபாய் நிச்சயம் என்பது ஒரு பந்தயம். ஒரு பக்கம் விழுந்தால் ஒன்றுமில்லை, மறுபக்கம் விழுந்தால் 200 ரூபாய் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை பல. பந்தயப் பணம் பெரிதான போது, ஏறக்குறைய எல்லோருமே மிதமான ஜாக்கிரதையுடன் நடுத்தரமான பந்தயங்களையே தேர்ந்தெடுத்தனர். சொத்துள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே, பெரிய நிலக்காரர் புது முறையை முதலில் கைக்கொள்வதற்குக் காரணம் அவருடைய துணிவு அன்று. கடனும் சந்தையும் யோசனையும் அவருக்கு எளிதில் கிடைப்பதே காரணம் என்பது பெறப்படும்.

கரும்புக் குடியானவர்களிடம் கண்டது

பெரியவர் சொன்ன ‘மாசிக்கும் ஆனிக்கும் உள்ள வேற்றுமை’யை நேராக அளந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என்னும் நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்புக் குடியானவர்களை 2010-இல் அறுவடைக்கு முன்னும் பின்னும் கண்டு விசாரித்து, முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர்.

கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கரும்புப் பணம் வருஷத்தில் ஒரு முறையே மொத்தமாக வருகிறது. அன்றியும், ஆலையார் வெட்டு உத்தரவு கொடுக்கும் நாளிலேயே கரும்பை வெட்ட வேண்டியிருப்பதால், ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டிப் பணம் பெற்றவராகவும், அடுத்த காணிக்காரர் இன்னும் காத்திருப்பவராகவும் இருப்பர். ஆதலின், கண்ட வேற்றுமை வெயிலாலோ மழையாலோ பண்டிகையாலோ வந்தது என்று சொல்ல இடமில்லை.

அறுவடைக்கு முன் அடகு வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். பின் 4 பேர். அறுவடைக்கு முன் கடன் பட்டிருந்தவர்கள் நூற்றுக்கு 99 பேர். பின் 13 பேர். இது நாம் அறிந்ததே. அறியாதது வேறு. எழுத்தறிவு தேவைப்படாத சில சோதனைகளை அவர்களுக்குக் கொடுத்தனர். ஒரு கோலத்தில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்கும் புதிர்களில், அறுவடைக்கு முன் சராசரி 4.35 சரியான விடைகளும், பின் 5.45 விடைகளும் கிடைத்தன. கவனத்தைச் சிதறவிடாமல் விடை சொல்ல வேண்டிய மற்றொரு சோதனையை முடிக்க, முன்பு 146 விநாடியும் பின்பு 131 விநாடியும் பிடித்தன. பிழைகளும் முன்பே அதிகம்.

சோதிக்கப்பட்டவர்கள் அதே மனிதர்களே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். சில மாதங்களில் ஒருவருடைய படிப்போ சுபாவமோ மாறிவிடுவதில்லை. மாறியது கையிருப்பும், அதனால் மனத்தில் ஏறிய பாரமுமே. கடன்காரருக்கு என்ன பதில் சொல்வது, வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்று ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும் மனத்தில் வேறொன்றை நிதானமாக ஆலோசிப்பதற்கு இடம் குறைந்துவிடுகிறது என்பது அவ்வறிஞர்களின் கருத்து.

ஒரு பரிசோதனையைக் கொண்டே முடிவு கட்டுவது தகாது. அமெரிக்காவில் எளிய குடும்பத்தாரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், அறிவுச் சோதனைகளில் இத்தகைய வேற்றுமை தென்படவில்லை. மாதந்தோறும் வரும் சம்பளத்துக்கும் வருஷத்துக்கு ஒரு முறை வரும் கரும்புப் பணத்துக்கும் உள்ள தூரம் இதற்குக் காரணமாயிருக்கலாம். எவ்வாறாயினும், பணம் இல்லாத மாதத்தில் சொன்ன யோசனை பணம் உள்ள மாதத்தில் சொன்ன யோசனைக்கு ஈடாகாது என்ற பெரியவரின் வாக்கு இதனால் பொய்க்கவில்லை.

கென்யாவில் செய்த பரிகாரம்

நோயைக் கண்டோம், மருந்து உண்டா என்று கேட்கலாம். அதற்கு ஆப்பிரிக்காவின் கென்யா தேசம் வரை செல்ல வேண்டியிருக்கிறது. அத்தேசத்தின் மேற்குப் பகுதியில் பூசியா என்ற இடத்தில், சிறு நிலங்களில் மக்காச்சோளம் பயிரிடும் குடியானவர்களிடையே எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீமர், ஜோனதன் ராபின்சன் என்னும் மூவர் பல பருவங்கள் பரிசோதனை நடத்தி, 2011-இல் அதை வெளியிட்டனர். முதலிருவரும் அபிஜித் பானர்ஜியுடன் 2019-இல் நோபெல் பரிசு பெற்றவர்கள்.

செடிக்கு அரைத் தேக்கரண்டி உரத்தை மேலுரமாக இட்டால் போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 70 வீதம் லாபம் கிடைக்கும் என்பதை அவர்கள் குடியானவர்களின் வயல்களிலேயே செய்து காட்டினர். அதில் சேர்ந்திருந்தோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேற்பட்டோர், ‘அடுத்த பருவத்தில் உரமிடுவோம்’ என்றனர். அவ்வாறே இட்டவர்கள் நூற்றுக்கு 37 பேர் மட்டுமே. இதை வாசித்தபோது என் தக்கைப்பூண்டு வயலை யாரோ கென்யாவுக்குப் பெயர்த்துச் சென்றது போல் எனக்குத் தோன்றிற்று.

பிறகு அவர்கள் வேறு வழி கண்டனர். உரத்தின் விலையைக் குறைக்கவில்லை. அறுவடை முடிந்த உடனே வீடு தேடிச் சென்று, ‘இப்போதே வழக்கமான விலையைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம், உரம் வேண்டிய காலத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும், வண்டிக்கூலி இல்லை’ என்றனர். இச்சிறு உதவியால் உரமிட்டவர்களின் தொகை கணிசமாகப் பெருகிற்று. வேறு சிலருக்கு, பயிர் வளர்ந்து மேலுரம் இடும் சமயத்தில் பாதி விலைக்கே உரம் தருவதாகச் சொல்லிப் பார்த்தனர். அதனால் விளைந்த பயன், அறுவடைக் காலத்தில் செய்த இச்சிறு உதவியின் பயனை மிஞ்சவில்லை. பணம் கையில் உள்ளபோது கேட்டால் வண்டிக்கூலி மட்டுமே செலவு. பணம் கரைந்த பின் கேட்டால் பாதி விலையை அரசாங்கம் ஏற்க வேண்டும்.

இன்னொன்றும் அவர்கள் கண்டனர். இவ்வேற்பாடு நின்ற பருவங்களில், குடியானவர்கள் பழைய நிலைக்கே திரும்பிவிட்டனர். ஒரு முறை செய்துவிட்டால் என்றைக்கும் நிலைக்கும் என்று நினைப்பது தவறு. ஒவ்வோர் அறுவடைக்கும் சென்று கேட்பதே முறை.

உத்தியோகஸ்தரும் மனிதரே

‘இது குடியானவரைக் குழந்தையாக நடத்துவதாகுமே’ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர்களுக்கு என் பதில் இது. என்னைப் போன்ற அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு வருங்கால சேமிப்பு எவ்வாறு நடக்கிறது? சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னரே பிடித்துக்கொள்ளப்படுகிறது. மாதக் கடைசியில் எங்களை வரச்சொல்லி, மிஞ்சியதைக் கட்டுங்கள் என்று கேட்டால், எங்களில் எத்தனை பேர் கட்டுவோம் என்பதை நாங்களே அறிவோம். பட்டமும் டிப்ளமாவும் பெற்றவரின் மன உறுதியை நம்பாமல் அரசாங்கம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறது; குடியானவரிடம் மட்டும் அறுவடை கழிந்து நான்கு மாதம் சென்றபின் கேட்டு, அவர் கொடுக்காவிட்டால் அறியாமை என்று எழுதுகிறது. இது நியாயமா?

பிடித்துக்கொள்வதை நான் இங்கே வேண்டவில்லை. விரும்பினால் கொடுக்கலாம், வேண்டாமென்றால் மறுக்கலாம், கொடுத்த பின் மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்ற உரிமை குடியானவருக்கு இருக்க வேண்டும். கேட்கும் காலத்தை மட்டுமே மாற்றச் சொல்கிறேன்.

செய்யத் தக்கவை

முதலாவது, இலாகாவைச் சேர்ந்த நாங்கள் செய்ய வேண்டியது. பசுந்தாள் விதை, நுண்ணூட்ட உரம் ஆகியவற்றுக்குப் பெயர் பதிந்து முன்பணம் பெறும் ஏற்பாட்டைக் கூட்டுறவுச் சங்கங்களைக்கொண்டு களத்துமேட்டிலேயே நடத்த வேண்டும். மண் பரிசோதனைக்கு மண் எடுப்பதற்கும் அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன் உள்ள காலமே ஏற்றது. ஆகையால் இரண்டு வேலைகளையும் ஒருங்கே முடிக்கலாம். செய்து காட்டும் வயலில் கூட்டம் கூடிய அன்று, ‘செய்வீர்களா?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பாமல், ‘எந்த வாரம், எத்தனை கிலோ, யாரிடம் வாங்குவீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ வேண்டும் என்பதை அப்போதே சொல்லி, பணத்தையும் அப்போதே கணக்கிட்டுக் காட்ட வேண்டும். லாபத்தை மட்டும் பேசாமல், தண்ணீர் தாமதித்தால் நேரக்கூடிய நஷ்டத்தையும் மறைக்காமல் கூறல் வேண்டும். மறைத்த நஷ்டம் ஒரு முறை வந்துவிட்டால், பின்பு நாம் சொல்லும் பத்து லாபங்களையும் எவரும் நம்பார்.

இரண்டாவது, நிலச்சுவான்தார்கள் செய்ய வேண்டியது. வாரத்துக்குப் பயிரிடுவோரிடம் புது முறையைச் செய்யச் சொல்லும்போது, நஷ்டம் முழுவதும் அவர் தலையிலும் லாபத்தில் பங்கு தம் கையிலும் என்று இருக்கலாகாது. முதல் வருஷம் பத்து சென்டு நிலத்தில் மட்டும் செய்து பார்க்கட்டும். அந்தப் பத்து சென்டின் செலவை நிலக்காரர் ஏற்கட்டும். களத்தில் நெல்லைப் பங்கிடும் அன்றே, அடுத்த பட்டத்துத் தழை விதைக்கென்று இருவர் பங்கிலிருந்தும் சிறிது ஒதுக்கி வைப்பது எளிது. ஆனியில் அதே தொகையைக் கேட்டால் இருவருக்கும் மனக்கசப்பே மிஞ்சும்.

மூன்றாவது, கிராம அதிகாரிகள் செய்ய வேண்டியது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபி பருவ உணவுப் பயிர்களுக்குக் குடியானவர் செலுத்த வேண்டிய பங்கு காப்புத் தொகையில் நூற்றுக்கு 1½ என்று வைக்கப்பட்டது. தொகை சிறிதே. ஆயினும் அது கேட்கப்படுவது நடவுச் செலவும் உரச் செலவும் கழுத்தை நெரிக்கும் காலத்தில். அதோடு அடங்கலுக்கும் சான்றுக்கும் இரண்டு மூன்று நாள் நடக்க வேண்டுமென்றால், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவிடுவது மனித சுபாவம். அதற்குள் கெடுநாளும் கடந்துவிடுகிறது. கிராம அதிகாரி குறித்த ஒரு நாளில் தாமே ஊர்ச் சாவடிக்குச் சென்று, நடவு முடிந்தவர்களுக்கெல்லாம் அங்கேயே சான்று அளித்துவிட்டால், ஓர் ஊரின் ஒரு வருஷ விளைச்சலையே காத்தவராவார்.

எல்லையும் உண்டு

காலத்தை மாற்றினால் எல்லாம் கைகூடிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரியவர் சொன்ன வார்த்தையை வெகு காலம் கழித்து உணர்ந்து, வேறொரு கிராமத்தில் மாசி மாதம் களத்துமேட்டுக்குச் சென்றேன். கூட்டுறவுச் சங்கத்தார் முன்பணம் பெற இசைந்தனர். அவ்வருஷம் ஆடியில், வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல்கள் பெரும்பாலும் தக்கைப்பூண்டால் பசுமையாக இருந்தன. ஆனால் கடைமடையில் தண்ணீர் வந்து சேரவில்லை. அங்கே பணம் கட்டியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அவர்கள் செய்தது சரியே. தண்ணீர் இல்லாத இடத்திலும், நெல்லுக்குத் தக்க விலை கிடைக்காத வருஷத்திலும், அறுவடை அன்றே கடனுக்கு நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவோரிடத்திலும் மனோதத்துவம் ஒன்றும் செய்வதற்கில்லை. அங்கே வேண்டியவை வாய்க்காலும் விலையும் குறைந்த வட்டிக் கடனுமே. இவற்றைச் செய்யாமல் தட்டிக்கழிப்பதற்கு இந்த சாஸ்திரத்தை ஒரு சாக்காகக் கொள்ளலாகாது.

ஆனால் தண்ணீரும் இருந்து, பயிரும் விளைந்து, நன்மை இன்னதென்று தெரிந்தும், செய்ய விரும்பியும் செய்யாமற்போன வயல்கள் நம் நாட்டில் அநேகம். அவற்றுக்கெல்லாம் ‘அறியாமை’ என்ற ஒரே சொல்லைக் காரணமாக எழுதி வந்தோம். நான் முதன்முதலாக எழுதிய அந்த அறிக்கையை இன்று திருத்தி எழுத இயலுமானால், ‘யோசனை நல்லது, கேட்ட மாதம் தவறு, தவறு என்னுடையது’ என்று எழுதுவேன். இவ்வருஷ அறுவடை தொடங்குமுன், இப்பத்திரிகையை வாசிக்கும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் தத்தம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தாருடன் கலந்து, களத்துமேட்டில் கேட்பதற்கு ஒரு நாளைக் குறித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.